ஆறு பக்கத்திலே... ஆறுதல் எங்கே?

உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் ஊரை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

'இதென்ன டாக்டர் கேள்வி? பிறந்ததிலிருந்து இங்கேதானே குடியிருக்கோம்!' என்பீர்கள். குடியிருப்பது வேறு, பார்ப்பது வேறு. ஆபீசுக்கு ஓடும்போதும் ரேஷன் கடைக்குப் போகும்போதும் கண்ணில் படுவதை நான் கேட்கவில்லை. ஒரு வேலையும் இல்லாமல், கையில் காய்கறிப் பையும் இல்லாமல், வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து கிளம்பிப் போய், உள்ளூரிலேயே ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தீர்களே, அது எப்போது?

தூக்கம் இல்லை, பசி இல்லை, காரணமே இல்லாமல் எரிச்சல் வருகிறது என்று என்னிடம் வருகிறவர்களை நாடி பார்த்துக்கொண்டே இப்படிக் கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் மோட்டுவளையைப் பார்த்து யோசிப்பார்கள். பிறகு, "போன வருஷம் சென்னையிலேர்ந்து கொழுந்தியா குடும்பம் வந்திருந்தப்போ..." என்று இழுப்பார்கள். ஆக, விருந்தாளி வந்தால்தான் நம் ஊர் நம் கண்ணுக்கே தெரிகிறது!

நான் திருநெல்வேலிக்காரன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, இந்த ஊர்க்காரர்களுக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவன். அதனால் தெரிந்த ஊரை வைத்தே சொல்கிறேன். நீங்கள் கரூரிலோ காரைக்குடியிலோ இருந்தால் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டு படியுங்கள்.

அண்டா நிறைய கஷாயம்

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். கணவர் அரசு ஊழியர், மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். கோடை விடுமுறையில் ஐந்து நாள் மலைப் பிரதேச டூர் போய் வந்தார்கள். கையிலிருந்த பணம் போதாமல் கடன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். திரும்பி வந்த மறுநாளே என்னிடம் வந்துவிட்டார்கள். பையனுக்கு வயிற்றுப்போக்கு, அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி, அப்பாவுக்கு நெஞ்செரிச்சல். பாதி நேரம் வேனிலும் மீதி நேரம் க்யூவிலும் போயிருக்கிறது. "நல்லா என்ஜாய் பண்ணோம் டாக்டர்" என்றார் கணவர். மனைவி என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். கடனை அடைத்து முடிக்க தீபாவளி தாண்டிவிடும் என்பது பிறகுதான் பேச்சில் வந்தது.

டூர் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். தாராளமாகப் போங்கள். ஆனால் வருஷம் முழுக்க வீட்டுக்குள் புழுங்கிவிட்டு, அந்த ஐந்து நாளில் எல்லாவற்றையும் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோமே, அங்கேதான் கணக்கு இடிக்கிறது. சித்த மருத்துவத்தில் ஒரு மண்டலம் கஷாயம் சாப்பிடச் சொன்னால் என்ன செய்வீர்கள்? தினம் காலையும் மாலையும் ஒரு சின்ன டம்ளர். நாற்பத்தெட்டு நாள் கஷாயத்தையும் ஒரே நாளில் அண்டாவில் காய்ச்சிக் குடிப்பீர்களா? உடம்புக்கு அளவும் முக்கியம், இடைவெளியும் முக்கியம். சந்தோஷத்துக்கும் அதேதான். வாரம் ஒரு சாயங்காலம் என்ற சின்ன அளவு தொடர்ந்து கிடைத்தால் உடம்பு அதை எடுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை என்றால் அது உள்ளூரில்தான் முடியும். கையைக் கடிக்காமல் இருந்தால்தான் முடியும்.

நிலமும் மருந்துதான்

நம்முடைய நூல்கள் நோயாளியை மட்டும் பார்ப்பதில்லை, அவர் எந்த மண்ணில் இருக்கிறார் என்றும் பார்க்கின்றன. பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பில் ஐந்து திணைகளைப் படித்திருப்பீர்கள். அதே ஐந்தைச் சித்த மருத்துவம் வேறு கண்ணால் பார்க்கிறது. மலை சார்ந்த குறிஞ்சியில் கபம் தங்கும். காடு சார்ந்த முல்லையில் பித்தமும் அதோடு வாதமும் கூடும். கடற்கரையான நெய்தலில் வாதம் மிகும். பாலையோ மூன்றுக்குமே வீடு! வயலும் ஆறும் உள்ள மருதம் மட்டும் நல்ல நீர் வளம் உள்ளது, அறுசுவை உணவு கிடைப்பது, ஆகவே மற்ற நிலங்களில் வரும் நோய்களையும் போக்குவது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

தாமிரபரணிக் கரை அசல் மருத நிலம். பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயல் பக்கம் கடலில் சேரும் வரை தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டாத ஆறு இது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதற்குக் கிடைக்கின்றன. ஊரைச் சுற்றி மற்ற நிலங்களும் உண்டு. பாபநாசம் பக்கம் போனால் குறிஞ்சி, உவரிக்குப் போனால் நெய்தல், திசையன்விளை பக்கத்துச் செம்மணல் தேரியில் நின்றால் பாலைவனமே வந்துவிட்டதோ என்று தோன்றும். எல்லாம் ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணத்துக்குள்!

மருத நிலத்தில் வீடு இருந்தால் மட்டும் போதாது. கதவைச் சாத்திக்கொண்டு, டியூப் லைட் வெளிச்சத்தில், நள்ளிரவு வரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் எந்த நிலத்தில் இருந்து என்ன? காலை வெயிலும் மாலை வெயிலும் கண்ணில் படுவதை வைத்துத்தான் உடம்பு தன் கடிகாரத்தைச் சரி செய்துகொள்கிறது. இதை இன்றைய விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிறது. பகலில் வெளிச்சம் போதாதவருக்கு இரவில் தூக்கம் பிடிப்பது கஷ்டம்.

"ஆத்துக்கா? எதுக்கு டாக்டர்?"

பாளையங்கோட்டையில் ஓர் அம்மா. வயது நாற்பத்தேழு. மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடிகிற வரை கொட்டக் கொட்ட முழிப்பு. ரத்தம், தைராய்டு எல்லாம் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள், பெரிய குறை ஒன்றும் இல்லை. நாங்கள் நோயாளியை எட்டு வகையில் சோதிப்போம். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். அதில் 'மொழி' என்பது பேச்சு. அந்த அம்மாவின் பேச்சில்தான் எனக்கு விஷயம் கிடைத்தது. எந்த வாக்கியத்தையும் அவர் முடிக்கவே இல்லை. பாதியில் சோர்ந்து நின்றுவிடுவார்.

"வீட்டை விட்டு எங்கே போவீங்கம்மா?"

"எங்கிட்டுப் போறது டாக்டர்... கல்யாண வீடு, துஷ்டி வீடு... வேற எங்க..."

"ஆத்துக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?"

"ஆத்துக்கா? எதுக்கு டாக்டர்?" என்று கேட்டவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கல்யாணமான புதுசுல அவுக கூட்டிட்டுப் போயிருக்காக. இப்போ எம் பொண்ணே காலேஜ் படிக்கா..." என்றார். கண் கலங்கிவிட்டது.

ஆறு அவர் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் பத்து நிமிஷம்!

தூக்கத்துக்கும் பசிக்கும் மருந்து கொடுத்தேன். கூடவே ஒரு பத்தியம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, கணவரோடோ மகளோடோ, ஆற்றங்கரைக்குப் போய் இருட்டும் வரை உட்கார வேண்டும். கடை கண்ணிக்குப் போகும் வேலையை அதோடு சேர்க்கக் கூடாது. முக்கியமாக, அதற்காகச் சமைக்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையை வீட்டு ஆண்கள் கொஞ்சம் உற்றுப் படிக்க வேண்டும். 'பிக்னிக் போகலாம்' என்று நீங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். புளியோதரை, தயிர் சாதம், எள்ளுத் துவையல், வடகம் என்று விடியற்காலை நாலு மணிக்கே அந்த அம்மாள் அடுப்படியில் நிற்கிறாள். திரும்பி வந்து பாத்திரத்தையும் அவளே தேய்க்கிறாள். இதில் அவளுக்கு ஓய்வு எங்கே? வீட்டுப் பெண்ணுக்கு வேலை கூடினால் அதற்குப் பெயர் உல்லாசம் இல்லை.

முதல் இரண்டு வாரம் அந்த அம்மாவும் மகளும் மட்டும் போனார்கள். மூன்றாவது வாரம் கணவரும் கூடப் போயிருக்கிறார். சர்க்கரை நோய் உள்ளவர், நடக்கச் சொல்லி நானே பலமுறை சொல்லியும் கேட்காதவர். இரண்டு மாதத்தில் அந்த அம்மாவுக்கு இரவில் தொடர்ச்சியாக ஐந்து மணி நேரத் தூக்கம் வந்தது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதற்குத் தனி வைத்தியம் நடக்கிறது. ஆற்றங்கரை எல்லா நோயையும் தீர்த்துவிடும் என்று நான் அளக்கத் தயாரில்லை. ஆனால் அவர் இப்போது வாக்கியங்களை முடிக்கிறார். "அவுக பழைய கதையெல்லாம் பேசுதாக டாக்டர். வீட்ல பேசவே மாட்டாக" என்றார்.

எங்கே போவது?

'எங்க ஊர்ல என்ன சார் இருக்கு?' என்பது எல்லா ஊர்க்காரர்களும் சொல்கிற வசனம். தினமும் பார்ப்பதைக் கண் கவனிப்பதை நிறுத்திவிடும், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடி மூக்கிலேயே இருக்க, வீடெல்லாம் தேடுவதில்லையா?

எங்கள் ஊர்க் குறுக்குத்துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில். பெருவெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிடுவார்கள். 2023 டிசம்பரில் வந்த வெள்ளத்திலும் மூழ்கியது, தண்ணீர் வடிந்ததும் கழுவி விட்டு மறுபடி பூஜை. இதைப் படித்துறையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று அவர்களே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

கொக்கிரகுளத்தில் ஆற்றின் மேல் நிற்கிறதே சுலோசன முதலியார் பாலம், அதன் வழியாகத் தினம் எத்தனை ஆயிரம் பேர் போகிறோம்! 1843-ல் திறக்கப்பட்ட பாலம் அது. சர்க்கார் பணம் இல்லை, ஒரு தனி மனிதர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. மேலே நின்றால் வண்டிப் புகைதான். கீழே இறங்கி நின்று வளைவுகளைப் பாருங்கள். அதே கொக்கிரகுளத்தில் 1987-லிருந்து மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. சிறிய கட்டணம்தான். பிள்ளைகள் கையால் தொட்டு, சுற்றி, இழுத்துப் பார்க்கலாம். தொடக்கூடாது என்று அதட்டுகிற நமக்கே தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

மழைக்காலம் வந்தால் நெல்லையப்பர் கோயில். சுவாமி சந்நிதியையும் அம்மன் சந்நிதியையும் இணைக்கிற சங்கிலி மண்டபம் எவ்வளவு நீளம் என்று தெரியுமல்லவா? பிரஷர், சுகர் உள்ளவர்கள் மழையில் வாக்கிங் போக முடியவில்லை என்று சாக்குச் சொல்ல வழியே இல்லை! மணிமண்டபத்தின் இசைத் தூண்களைக் காட்டுங்கள். தயவுசெய்து காசை வைத்துத் தட்டிப் பார்க்காதீர்கள், தட்டித் தட்டியே கல் தேய்கிறது. திருவிழா நாளில் போனால் தள்ளுமுள்ளுதான் மிஞ்சும். சாதாரணச் செவ்வாய், புதன் சாயங்காலம் போங்கள்.

மாதம் ஒரு முறை கொஞ்சம் தூரமாக வைத்துக்கொள்ளலாம். திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம். அங்கே வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களில் நரம்பும் நகமும்கூடத் தெரியும். நான் உடற்கூறு படித்த காலத்தில் அந்தக் குறவன் சிலையின் விலா எலும்புகளைப் பார்த்து அசந்து நின்றிருக்கிறேன். தை, மாசியில் கூந்தன்குளம். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போலக் காத்து வருகிறார்கள். பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை! சங்குவளை நாரைகள் வீட்டுப் பக்கத்து மரத்திலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்.

டவுன் பஸ்ஸிலேயே போங்கள். சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் கிடையாது. நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு சாயங்காலச் செலவு, சுண்டலும் சுக்குமல்லிக் காப்பியும் சேர்த்து, ஒரு சினிமா டிக்கெட் பணத்தில் முடிந்துவிடும்.

குளிக்கலாமா?

எங்கள் ஊரில் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். முதலில் ஒரு கசப்பான செய்தி. நகருக்குள் பல இடங்களில் ஆற்றில் சாக்கடை கலக்கிறது. அந்த இடங்களில் கரையில் உட்காருங்கள், குளிக்காதீர்கள். சொறி, சிரங்கு, காதில் சீழ், வயிற்றுப்போக்கு என்று ஒவ்வொன்றாக வரும். குளிப்பதானால் ஊருக்கு மேற்கே, தண்ணீர் தெளிவாக ஓடும் இடமாகப் பார்த்துக் குளியுங்கள். அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அருவியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து ஒரு பையன் உயிரிழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். போலீஸார் தடை போட்டிருந்தால் வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஆற்றில் போய் விழும் பழக்கம் நம்மிடம் உண்டு. எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்பது தேரையர் வகுத்த முறை. ஆகவே எண்ணெய்க் குளியலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் வெறும் குளியல் போதும். சைனஸ், ஆஸ்துமா உள்ளவர்கள் வெயில் ஏறிய பிறகு குளித்து, உடனே தலையைத் துவட்டிவிட வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், படியில் உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும்.

எதைக் கொறிப்பது?

அந்தந்தப் பருவத்தில் ஊர் என்ன கொடுக்கிறதோ அதை. தையில் பனங்கிழங்கு. அவித்து நாரை உரித்துத் தின்றால் பசியும் அடங்கும், மலச்சிக்கலும் நீங்கும். சித்திரையில் நுங்கு. தோலோடு தின்னச் சொல்லுங்கள், பிள்ளைகள் சதையை மட்டும் வழித்துக்கொண்டு தோலை எறிந்துவிடுகிறார்கள். வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீரைத் தடவலாம். ஆடியில் நாவல் பழம். ஒரு கை அளவோடு நிறுத்துங்கள், அதிகமானால் தொண்டை கட்டும்.

அல்வாவா? திருநெல்வேலியில் இருந்துகொண்டு அல்வாவே கூடாது என்றால் என்னை ஊரை விட்டே தள்ளி வைத்துவிடுவார்கள்! சாயங்காலம் கடைவாசலில் நின்று, இலையில் சுடச்சுட ஐம்பது கிராம் வாங்கி நாலு பேர் பங்கு போட்டுத் தின்னுங்கள். கிலோ கணக்கில் வாங்கி வீட்டு ஃப்ரிட்ஜில் அடுக்கினால்தான் வம்பு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பங்கும் கிடையாது. அவர்களுக்கு அவித்த கொண்டைக்கடலை.

சில எச்சரிக்கைகள்

மேலே சொன்னதெல்லாம் அலுப்பும் சலிப்பும் உள்ளவர்களுக்கு. வீட்டில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் தூங்காமல், சாப்பிடாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்று ஒரு தடவை சொன்னாலோகூட, ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனால் சரியாகிவிடும் என்று நாளைக் கடத்தாதீர்கள். உடனே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டும் பேசலாம். சித்த மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் அந்த டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இதய நோய் உள்ளவர்கள் செங்குத்தான படித்துறைகளைத் தவிர்த்து, சரிவாக இறங்கும் இடமாகப் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குப் பாசி பிடித்த படிதான் முதல் எதிரி. கைத்தடியும், பிடிமானம் உள்ள செருப்பும் இருக்கட்டும்.

சர்க்கரை நோயாளிகள் மணலில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. கண்ணாடிச் சில்லு குத்தினால்கூட உங்களுக்கு உறைக்காது. வீடு திரும்பியதும் இரண்டு பாதங்களையும் கழுவி, விரல் இடுக்கு வரை ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாதவர்கள் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்தோ கீறியோ இருந்தால் மறுநாளே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.